ஆட்டைத் திவசம் முடிய மூண்டு கிழமை தனிய வெளிக்கிடலாமோ? எங்க, எப்பிடி?

வேலியோரப் பூவரசு கேட்டது:

யாழ்ப்பாணம். வயது 46, பெண், கலியாணம் கட்டேல்லை. பிரதேச செயலகமொண்டில வேலை. அம்மா ஒன்பது வருஷம் படுக்கையில இருந்து போன மார்கழியில தவறிட்டா. வாற மார்கழி ஆட்டைத் திவசம். அது முடிய, தை கடைசியில வெளிக்கிட்டு மூண்டு கிழமை எங்கையாவது ஒரு வெளிநாட்டில தனிய இருந்துபோட்டு வரலாமெண்டு யோசிக்கிறன். இவ்வளவு காலமும் ஆருக்கு என்ன வேணும் எண்டதுதான் எனக்குத் தெரியும். எனக்கு என்ன வேணும் எண்டு கேட்டால் பதில் வருகுதில்லை.

கையில நாலு லட்சம் ரூபா இருக்கு. பாஸ்போட் ஐந்து வருஷத்துக்கு முதல் எடுத்தது, ஒருக்காலும் பாவிக்கேல்லை. சைவச் சாப்பாடு. பிரஷருக்கு ஒரு குளிசை. இங்கிலிஷ் சமாளிப்பன். யாத்திரைக் குழுவோட போற எண்ணம் இல்லை. அக்கா கனடாவுக்கு வா எண்டுறா, அதுவும் இப்ப வேண்டாம்.

தமிழ்நாடு நல்லமோ, பாஷை தெரியாத நாடு நல்லமோ? மூண்டு கிழமை கூடவோ? என்னென்ன இடத்தில பிழைக்கும்? ஆறுதல் சொல்லக் கனபேர் இருக்கினம். இஞ்ச செய்யவேண்டியதை மட்டும் சொல்லுங்கோ.

---

மூக்குப்பேணி:

மூண்டு கிழமை சரியான அளவு. ஆனா மூண்டு கிழமைக்கு மூண்டு ஊர் போடாதேங்கோ. ஒரு ஊர், ஒரு அறை. இடம் மாறுற ஒவ்வொரு முறையும் ஒரு முழு நாள் போயிடும்: பெட்டி கட்டி, அறையை விட்டு, பஸ் தேடி, புது அறையில தண்ணி வருதோ எண்டு பார்த்து முடிய இருட்டிப்போடும். வருத்தக்காரரைப் பார்த்த ஆக்களுக்கு ஓயாமல் ஒரு அலுவலோட நிக்கிறது பழகின சுகம். ஐந்து ஊர் எண்டு போட்டால் அந்த அலுவலைத்தான் அங்கயும் செய்துகொண்டு திரிவியள்.

அடுத்தது நித்திரை. படுக்கையில கிடக்கிற ஆளை ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா புரட்டி விடுறது முறை. அப்பிடி ஒன்பது வருஷம் எழும்பின உடம்பு கெதியில மறக்காது. புது இடத்தில பன்னிரண்டு, ரெண்டு, நாலு எண்டு தானா முழிப்பு வரும். அதால மலிவு எண்டு பத்துப்பேர் படுக்கிற இடத்தில ஒரு கட்டில் எடுக்காதேங்கோ. தனி அறை, அறைக்குள்ளேயே குளியலறை, உள்ளால போடுற தாழ்ப்பாள், வெளிச்சம் வாற யன்னல், தேத்தண்ணிக்குக் கேத்தில். ரெண்டு மணிக்கு முழிச்சால் எழும்பித் தேத்தண்ணி வைச்சுக் குடியுங்கோ, போனை மட்டும் தொடாதேங்கோ. அந்த நேரம் கனடாவில பின்னேரம் மூண்டரை, அக்கா கதைக்க ஆயத்தமா இருப்பா!

முதல் மூண்டு நாள் ஊர் பார்க்கிறதில ஓடிப்போகும். நாலாம், ஐந்தாம் நாள் பின்னேரம் நாலு மணிபோலதான் சோதனை. கைக்கு வேலை இல்லை, ஆரும் கூப்பிடவும் இல்லை. திரும்புற ரிக்கெற்றை முன்னுக்குத் தள்ளுவமோ எண்ட எண்ணம் அந்த நேரத்திலதான் வரும். எட்டாம் நாளுக்கு முதல் ரிக்கெற்றை மாத்துறேல்லை எண்டு இப்பவே ஒரு கட்டுப் போட்டு வையுங்கோ. அந்த நாலு மணிக்கு ஒரு சின்ன அலுவலையும் ஒதுக்கி வையுங்கோ: மறுநாளுக்குப் பழம் வாங்கிறது, உடுப்புத் தோய்க்கிறது, ஒரே ரோட்டால போய் ஒரே ரோட்டால வாறது.

"எனக்கு என்ன வேணும்" எண்ட கேள்வியை மொத்தமாக் கேட்டால் ஆருக்கும் பதில் வராது. சின்னக் கொப்பி ஒண்டு எடுங்கோ. விடிய எழும்பின உடனே, இண்டைக்கு என்ன சாப்பிட விருப்பம், எங்க நடக்க விருப்பம், என்ன செய்ய விருப்பமில்லை எண்டு மூண்டு வரி. இரவு, அதில எது நடந்தது எண்டு ஒரு வரி. "எதெண்டாலும் சரி" எண்டு எழுதக்கூடாது. முதல் கிழமை அந்த வசனம்தான் கையில வரும், வெட்டிப்போட்டு ஒரு பொருளின்ர பேரை எழுதுங்கோ. இட்டலி, தோசை, கொய்யாப்பழம், ஏதோ ஒண்டு.

இடம் எண்டால் முதல் பயணத்துக்கு நான் திருவண்ணாமலையைச் சொல்லுவன். பலாலி எயார்போட்டில ஏறினால் ஒண்டேகால் மணித்தியாலம் அளவில சென்னை. அங்கயிருந்து பஸ்ஸில நாலைஞ்சு மணித்தியாலம். தென்பக்கத்து பஸ்ஸுகள் கன இப்ப கிளாம்பாக்கத்தில இருந்துதான், அது சென்னை எயார்போட்டுக்கும் தெற்கால. நகரத்துக்குள்ள போய்த் திரும்பி வரத் தேவையில்லை. ஆனா பின்னேரம் இறங்கினால் அண்டைக்கே பஸ் ஏறாமல், எயார்போட்டுக்குக் கிட்ட ஒரு இரவு நிண்டு விடிய வெளிக்கிடுங்கோ. தைப்பொங்கல் கிழமை பஸ் ரயில் ஒண்டிலயும் இடம் கிடையாது. தை கடைசி எண்டபடியால் உங்களுக்கு அந்தக் கரைச்சல் இல்லை.

ரமணாச்சிரமத்தில தங்கிறதுக்குக் காசு கேக்கிறேல்லை, ஆனா சும்மா போய் நிண்டால் அறை கிடையாது. கனநாளைக்கு முதலே எழுதிக் கேக்கவேணும், கிடைச்சாலும் சில நாள்தான். அதை நம்பி மூண்டு கிழமைக்குத் திட்டம் போடாமல், செங்கம் ரோட்டுப் பக்கம் தனி அறை பாருங்கோ. கார்த்திகை தொடக்கம் பங்குனி மட்டும் வெள்ளைக்காரர் வாற காலம், வாடகை கூட. மாசக்கணக்கா எடுக்கிற ஆக்களுக்குத்தான் குறைப்பினம், மூண்டு கிழமைக்கும் கேட்டுப் பாருங்கோ.

கிரிவலப் பாதை 14 கிலோமீற்றர். விடிய நாலரைக்குத் தொடங்கினால் வெய்யில் ஏற முதல் முடிக்கலாம். ஒன்பது மணிக்குப் பிறகு வெறுங்காலோட தார் சுடும். பறுவத்தில போகாதேங்கோ, லட்சக்கணக்கில சனம், தனிமை எண்ட பேச்சுக்கே இடமில்லை. மலையின்ர உள்ப்பக்கத்துக் காட்டுப்பாதையாலயும் தனியப் போகவேண்டாம். வெளி வீதி போதும்.

---

கடுகதி:

மூக்குப்பேணி சொன்ன ஒரு ஊர் ஒரு அறை சரி. ஊர்தான் பிழை.

தமிழ்நாட்டில உங்கட கதை வாய் திறந்த உடனே பிடிபடும். "சிலோனா? எந்த ஊரு? தனியாவா வந்தீங்க? வீட்டுக்காரர் வரலையா?" லொட்ஜ்காரர், ஓட்டோக்காரர், பக்கத்து இலையில சாப்பிடுற அம்மா எண்டு ஒரு நாளைக்கு நாலுதரம். அன்பாத்தான் கேட்பினம். ஆனா எங்கட ஒழுங்கையில கேக்கிற அதே கேள்விக்குப் பதில் சொல்லவோ காசு குடுத்துப் போறது?

பாஷை தெரியாத இடத்தில ஒருத்தரும் உங்களை விசாரிக்க ஏலாது. அது பெரிய ஓய்வு. வியட்நாமில ஹொய் ஆன் பாருங்கோ. டானாங் எயார்போட்டில இறங்கினால் 30 கிலோமீற்றர் அளவு. பழைய ஊர், கார் இல்லாத தெருக்கள், சைக்கிளில வயல் பக்கம் போய்வரலாம். கிழக்குக் கடற்கரை எண்டபடியால் அங்கயும் எங்களைப் போல ஐப்பசி கார்த்திகைதான் மாரி, வெள்ளம் வாற ஊர். தை கடைசியில வானம் வெளிச்சிடும்.

சைவம் அங்க கஷ்டமில்லை. "சாய்" எண்டு பலகையில இருந்தால் மரக்கறிச் சாப்பாடு. புத்தசமயத்து ஆக்கள் கனபேர் பறுவத்திலயும் அமாவாசையிலயும் மச்சம் சாப்பிடமாட்டினம். எங்கட விரத நாள் மாதிரித்தான், அந்த நாளுகளில சாய் கடை நிறையத் திறந்திருக்கும். மற்றக் கடைகளில "மரக்கறி" எண்டு தந்தாலும் மீன் சோஸ் விட்டிருப்பினம். சாய் எண்ட சொல்லைப் போனில எழுதிவைச்சுக் காட்டுங்கோ. வாயால சொன்னால் எங்கட உச்சரிப்பு அவைக்கு விளங்காது.

விசா இணையத்தில. 2023 ஆவணியில இருந்து எல்லா நாட்டாருக்கும் 90 நாள் வரைக்கும் குடுக்கினம், ஒருதரம் போய்வாறதுக்கு 25 டொலர். படிவத்தில எந்த எயார்போட்டால உள்ள வாறியள், எதால வெளிக்கிடுறியள் எண்டு கேக்கும். ரிக்கெற்றைப் பார்த்துத்தான் நிரப்பவேணும்.

பிழைக்கிற இடம் ரெண்டு. ஒண்டு, டெட் எண்ட அவையின்ர புதுவருஷம். தை கடைசிக்கும் மாசி நடுவுக்கும் இடையில வரும், வருஷத்துக்கு வருஷம் திகதி மாறும். அந்தக் கிழமை கடை பூட்டு, பஸ் நிரம்பி வழியும், அறை விலை ஏறும். திகதியைப் பார்த்து அது முடிஞ்சு நாலு நாளுக்குப் பிறகு போங்கோ. மற்றது மலிவு ரிக்கெற். கொழும்பு–கோலாலம்பூர் ஒண்டு, கோலாலம்பூர்–டானாங் இன்னொண்டு எண்டு வேற வேறயா எடுத்தால், நடுவில பெட்டியை எடுத்துத் திரும்பப் போட மலேசியக் குடிவரவைத் தாண்டவேணும். அதுக்கு எங்கட பாஸ்போட்டுக்கு விசா வேணும். கொழும்புக் கவுண்டரிலேயே ஏத்தமாட்டம் எண்டுவினம். முழுப் பயணமும் ஒரே ரிக்கெற்றில, பெட்டி கடைசி ஊர் வரைக்கும் போறமாதிரி எடுங்கோ.

ஆரும் தாய்லாந்தில சியாங் மாய் எண்டு சொல்லுவினம், நல்ல ஊர்தான். ஆனா மாசியில இருந்து சித்திரை மட்டும் வயலும் காடும் எரிக்கிற புகை ஊரை மூடும். உங்கட திகதிக்கு ஒத்துவராது. நேபாளத்தில எங்களுக்கு வருஷத்தில முதல் 30 நாள் விசா இலவசம், ஆனா தையில காத்மாண்டுவில மலிவு அறைகள் கனக்கவில சூடாக்கி கிடையாது. யாழ்ப்பாணத்து உடம்பு தாங்காது.

---

சங்குப்பிட்டி:

ஊரைப் பேந்து முடிவெடுங்கோ. எந்த ஊரெண்டாலும் முதல் செய்யவேண்டிய கடதாசி அலுவலைச் சொல்லுறன்.

நீங்கள் அரச வேலை. சாதாரண லீவை எடுத்துக்கொண்டு பறக்க ஏலாது, வெளிநாட்டுக்குப் போறதுக்கெண்டு தனி அனுமதி எடுக்கவேணும். உங்கட கந்தோரால மேல போய்த் திரும்பி வாறதுக்கு நாள் எடுக்கும். ஐப்பசியிலயே குடுங்கோ. பயணத் திகதி அதில இருக்கவேணும், ஆனபடியால் ரிக்கெற் வாங்க முதல் திகதியை நிச்சயம் பண்ணுங்கோ. அனுமதிக் கடிதத்தின்ர கொப்பி ஒண்டு கைப்பையில. பாஸ்போட்டில தொழில் எண்ட இடத்தில அரச உத்தியோகம் எண்டு கிடந்தால் எயார்போட்டில கேக்கக்கூடும்.

அந்தக் கேள்வி ஏன் வருது எண்டு விளங்கினால் பதட்டம் வராது. தனியப் போற பெண் எண்டால் சுற்றுலா விசாவில வேலைக்குப் போறாவோ எண்டு பார்ப்பினம். தாய்லாந்து எண்டால் இன்னும் கூட. அங்கால மியன்மார் எல்லைக்குக் கொண்டுபோய் இணைய மோசடி முகாம்களில அடைச்சுவைச்ச எங்கட ஆக்களை மீட்டெடுத்தது எல்லாருக்கும் தெரியும். "என்னைத் தேடிப் போறன்" எண்டு அதிகாரிக்கு விளக்கம் சொல்ல நிக்காதேங்கோ. "லீவில சுத்திப் பார்க்க, 21 நாள், இந்த ஹோட்டல், இந்தத் திகதி திரும்புறன்" எண்டு ஒரே வசனம். கூடவே திரும்புற ரிக்கெற், அறை பதிஞ்ச கடதாசி, மூண்டு மாச பாங்க் அறிக்கை, லீவுக் கடிதம். எல்லாம் அச்சடிச்சு. போனில காட்டுவம் எண்டால் அந்த நேரம் பார்த்துச் சார்ஜ் இறங்கும்.

பெயர். எங்கட ஆக்களுக்குப் பிழைக்கிறது இதில. அப்பான்ர பேர் எது, சொந்தப் பேர் எது எண்டு ரிக்கெற் போடுற பெடியன் தலைகீழாப் போடுவான். பாஸ்போட் படப் பக்கத்தின்ர அடியில ரெண்டு நீட்டு வரி இருக்கு. மேல் வரியில நாட்டுக்குரிய மூண்டு எழுத்துக்குப் பிறகு வாறது குடும்பப் பேர், ரெண்டு அம்புக்குறி சேர்ந்து வந்த பிறகு வாறது மற்றப் பேர். ரிக்கெற்றும் விசாவும் அந்த வரியைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து இருக்கவேணும். பாஸ்போட் திரும்புற நாளில இருந்து ஆறு மாசத்துக்கு மேல செல்லுமோ எண்டும் பாருங்கோ. உங்கட பத்து வருஷப் பாஸ்போட் எண்டால் பயமில்லை.

இந்தியா எண்டால்: இ-விசாவில 30 நாள், ஒரு வருஷம், ஐந்து வருஷம் எண்டு இருக்கு. 30 நாள் விசாவுக்குப் பயணத்துக்கு 30 நாளுக்குள்ளதான் விண்ணப்பிக்கலாம், ஆகக் குறைஞ்சது நாலு நாளுக்கு முதல். அந்த விசாவை அங்க போய் நீட்ட ஏலாது. தேடினால் முதல் வாற நாலைஞ்சு தளங்கள் இடைத்தரகர், மடங்கு காசு எடுப்பினம். அரசாங்கத் தளத்தின்ர முகவரி "கவ் டொட் இன்" எண்டு முடியும். 2025 ஐப்பசியில இருந்து வருகை அட்டையையும் இறங்க முதல் 72 மணித்தியாலத்துக்குள்ள இணையத்தில நிரப்பவேணும், அதுக்குக் காசு இல்லை. நாகபட்டினம் கப்பலில காங்கேசன்துறையால போறதெண்டால் உங்கட விசா வகையை அந்தத் துறைமுகத்தில ஏற்பினமோ எண்டு ரிக்கெற் எடுக்கேக்கையே கேட்டுத் தெளியுங்கோ. விமானத்துக்குச் சென்னை, திருச்சி ரெண்டிலயும் இ-விசா செல்லும்.

மூக்குப்பேணி சொல்லாமல் விட்ட ஒண்டு. இந்தியாவில வெளிநாட்டார் தங்கினால் லொட்ஜ்காரர் 24 மணித்தியாலத்துக்குள்ள இணையத்தில பதியவேணும். "சி ஃபோம்" எண்டு சொல்லுவினம். சின்ன இடங்களுக்கு அந்த வசதி கிடையாது. இணையத்தில காசு கட்டி அறை எடுத்துப்போட்டு வாசலில நிக்கேக்கை "பாரின் பாஸ்போர்ட் எடுக்க மாட்டோம்மா" எண்டுவினம். இலங்கைப் பாஸ்போட்டைக் கண்டால் பொலிஸ் கரைச்சலுக்குப் பயந்து மறுக்கிறவையும் இருக்கினம். ஆனபடியால் இஞ்ச இருந்தே ஃபோன் எடுத்து, "சிறீலங்கா பாஸ்போட், சி ஃபோம் போடுவீங்களா?" எண்டு கேட்டு, ஓம் எண்டதை வாட்ஸ்அப்பில எழுத்தில வாங்கி வையுங்கோ. மாதவாடகைக்கு வீடு தாறவையிட்டயும் இதைக் கேளுங்கோ, அவைக்கும் அதே கடமைதான்.

நகை. கழுத்துச் சங்கிலி, காப்பு எல்லாம் பாங்க் பெட்டகத்தில. தங்கம் கடத்திற பாதை எண்டபடியால் சென்னைச் சுங்கத்தில எங்கட பெண்களின்ர கழுத்தையும் கையையும் உத்துப் பார்ப்பினம். மறிச்சு எடுத்தால் திரும்ப எடுக்க வழக்கு, வக்கீல் எண்டு அலையவேணும். சின்னத் தோடு ஒண்டோட போங்கோ.

காசு. நாலு லட்சத்தில ஒரு லட்சத்தைத் தொடாமல் ஊர் பாங்க் கணக்கில விடுங்கோ. அதுதான் திடீரெண்டு ரிக்கெற் மாத்தவும் ஆஸ்பத்திரிக்கும். டொலரை பாங்கிலயோ அனுமதி உள்ள நாணய மாற்றுக் கடையிலயோ வாங்குங்கோ. பாஸ்போட், ரிக்கெற், விசா மூண்டும் கேட்பினம். அனுமதியில்லாமல் காசு மாத்திற உண்டியல்காரரிட்ட மாத்தினால் நாலு சதம் கூட வரும், ரசீது வராது. போய் இறங்கிற எயார்போட்டில ஓட்டோவுக்கும் முதல் சாப்பாட்டுக்கும் மட்டும் மாத்தி, மிச்சத்தை ஊருக்குள்ள மாத்துங்கோ. தமிழ்நாட்டில இளநிக் கடை வரைக்கும் போனால காசு வாங்கிற பலகை தொங்கும். அது அந்த நாட்டு பாங்க் கணக்கோட ஓடுறது, எங்கட பாங்க் கணக்கோட வேலை செய்யாது. சில்லறை நோட்டுக் கையில வேணும்.

பாங்க் காட்டை வெளிநாட்டுப் பாவனைக்குத் திறந்து தரச்சொல்லி பாங்கில கேளுங்கோ. அதுக்கு முதல் ஒண்டு: பாங்க் அனுப்பிற ரகசிய இலக்கம் உங்கட இலங்கைச் சிம்முக்குத்தான் வரும். சிம்மைக் கழட்டிப் பெட்டிக்குள்ள போட்டால் காட் இருந்தும் இல்லாத மாதிரி. வெளிக்கிட முதல் ரோமிங்கைத் திறந்து, டேட்டாவை மட்டும் நிப்பாட்டி, சிம்மைப் போனிலேயே விடுங்கோ. இணையத்துக்கு அங்கத்தைய சிம் ரெண்டாவது இடத்தில. புதுச் சிம் போட்ட உடனே வாட்ஸ்அப் இலக்கத்தை மாத்தவோ எண்டு கேக்கும். மாத்தாதேங்கோ, ஊர் ஆக்களுக்குப் பழைய இலக்கத்திலேயே நிப்பியள்.

---

வேலியோரப் பூவரசு:

எல்லாருக்கும் நன்றி. லீவுக் கடிதமும் சி ஃபோமும் எனக்குத் தெரியாத விஷயம். இந்தமுறை திருவண்ணாமலை எண்டுதான் மனம் சொல்லுது. கேள்வி கேட்டால் "அம்மாவுக்கு நேர்த்தி" எண்டு சொல்லிப்போட்டு நடக்கிறன். இன்னும் ரெண்டு. பத்து நாள் மௌனத் தியானம் எண்டு கந்தோரில ஒருத்தர் சொன்னா, அதைப் பயணத்தோட சேர்க்கலாமோ? மற்றது, பூட்டின வீட்டை என்ன செய்யிறது?

---

ஒடியல்:

அவ சொன்னது விபாசனாவா இருக்கும். பத்து நாள் எண்டாலும் தொடங்கிறதுக்கு முதல்நாள் பின்னேரமே போய்ப் பதிஞ்சு பதினோராம் நாள் விடியத்தான் விடுவினம், ஆகப் பன்னிரண்டு நாள் போகும். விடிய நாலு மணிக்கு மணி அடிக்கும். கதைக்கக்கூடாது, போன், புத்தகம், கொப்பி ஒண்டும் இல்லை. கட்டணம் கிடையாது, முடிஞ்ச பிறகு விரும்பினதைக் குடுக்கலாம். பின்னேரச் சாப்பாடு எண்டு பெரிசா இல்லை, புது ஆக்களுக்குப் பழமும் தேத்தண்ணியும்.

இந்தப் பயணத்துக்குள்ள அதைப் போடாதேங்கோ. ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலம் அளவு கண்ணை மூடி இருக்கேக்கை ஒன்பது வருஷமும் ஒரேயடியா வந்து நிக்கும், தெரியாத நாட்டில அதோட தனிய நிக்கிறது வீண் சுமை. மூக்குப்பேணி சொன்ன கொப்பி எழுதிறதுக்கும் அங்க இடமில்லை. விருப்பமெண்டால் முதல் இஞ்சயே செய்து பாருங்கோ, பேராதனை ஹிந்தகலவில அவையின்ர நிலையம் இருக்கு. இடையில ஏலாமல் போனாலும் அடுத்த பஸ்ஸில யாழ்ப்பாணம் வந்திடலாம். விண்ணப்பத்தில குளிசை விபரம் கேக்கும். பிரஷர் குளிசை பிரச்சினை இல்லை, நித்திரைக்கோ மனதுக்கோ எடுக்கிறது இருந்தால் மறைக்காமல் எழுதவேணும்.

குளிசை எண்ட இடத்தில: 21 நாளுக்கு 21 கொண்டுபோகாதேங்கோ, 30 வேணும். அட்டையில இருந்து கழட்டி டப்பாவில போடாமல் அட்டையோட, டொக்டரின்ர துண்டோட, கைப்பையில. பெட்டி துலைஞ்சால் குளிசையும் துலையக்கூடாது. அம்மான்ர மிச்ச மருந்து ஏதும் வீட்டில இருந்தால் அதைத் தவறிப்போயும் கொண்டுபோகாதேங்கோ. மோர்ஃபின் மாதிரி நோக்குளிசை எண்டால் எயார்போட்டில பெரிய வில்லங்கம்.

வீடு. காஸ் சிலிண்டரின்ர ரெகுலேற்றரைக் கழட்டி வையுங்கோ. பிரிஜ்ஜை வெறுமையாக்கித் துடைச்சு, கதவைக் கொஞ்சம் திறந்தபடி விட்டு மெயினை நிப்பாட்டுங்கோ. பூட்டின பிரிஜ் மூண்டு கிழமையில பூசணம் பிடிச்சு மணக்கும். கிணத்து மோட்டருக்கும் சுவிச் தனிய இருந்தால் அதையும். மாரி முடிஞ்ச கையோட தை மாசி டெங்குக் காலம். சிரட்டை, பூச்சட்டித் தட்டு, குரோட்டன் சாடி, கொமட் எல்லாம் பாருங்கோ. கொமட் மூடியை மூடி, மேல ஒரு பொலித்தீன் கட்டிவிடுங்கோ, அதுக்குள்ளயும் நுளம்பு முட்டையிடும். வளவு கூட்ட ஆளுக்குக் காசை முழுக்க முன்னுக்குக் குடுக்காதேங்கோ. பாதி இப்ப, பாதி வந்த பிறகு.

திறப்பு ரெண்டு வீட்டில வேண்டாம், ஒரு வீட்டில. அம்மான்ர படத்துக்கு ஆரும் விளக்குக் கொளுத்தவேணும் எண்டு உங்களுக்கு மனம் உறுத்தினால், வெள்ளிக்கிழமையில மட்டும் எண்டு அதே வீட்டு ஆளிட்டச் சொல்லுங்கோ. ஒவ்வொரு நாளும் எண்டால் ரெண்டாம் கிழமை அவை மறப்பினம், நீங்கள் அங்க இருந்துகொண்டு ஃபோன் எடுத்து விசாரிப்பியள்.

---

மூக்குப்பேணி:

ஒடியல் சொன்னதோட ஒண்டு. வேலைக்குத் திங்கள் போறதெண்டால் ஞாயிறு வராதேங்கோ, வியாழன் வாங்கோ. வாற நேரத்தை ஊரில ஒருத்தருக்கு மட்டும் சொல்லுங்கோ, மற்றவைக்குச் சனிக்கிழமை வாறன் எண்டு சொல்லுங்கோ. இல்லாட்டில் பெட்டி அவிழ்க்க முதல் சுகம் விசாரிக்க வாற சனத்துக்குத் தேத்தண்ணி ஊத்தத் தொடங்கிவிடுவியள். வெள்ளி விடியவும் கொப்பியில மூண்டு வரி எழுதுங்கோ, அதே நேரம்.

அங்க நிக்கேக்கை அக்காவோட கதைக்கிறது நாள்தோறும் வேண்டாம். கிழமைக்கு ரெண்டுதரம், நேரம் வைச்சு. இரவு எட்டு மணிக்கு எண்டு வையுங்கோ, அவவுக்கு விடிய ஒன்பதரை. இடையில ஒவ்வொரு நாளும் "சுகம்" எண்ட ஒரு சொல்லை அனுப்பிவிடுங்கோ. ஒரு நாள் முழுக்க அது வராட்டில் லொட்ஜுக்கு ஃபோன் எடுக்கச் சொல்லி லொட்ஜின்ர இலக்கத்தையும், பாஸ்போட் படப் பக்கத்தையும், சென்னையில இருக்கிற எங்கட துணைத் தூதரகத்தின்ர இலக்கத்தையும் அவவிட்டக் குடுத்து வையுங்கோ. இந்தியாவில அவசரத்துக்கு 112.

செருப்பு புதுசு வாங்கிறதெண்டால் இப்பவே வாங்கிப் போட்டுப் பழக்குங்கோ. அங்க போய்ப் புதுசு போட்டால் மூண்டாம் நாள் குதி உரிஞ்சு அறையிலதான் கிடப்பியள்.